சித்தப்பாவின் முகம், அப்பாவின் கண்ணாடி

எங்கள் திண்டிவனத்து வீட்டின் கூடத்தில் சந்தன மாலை போட்ட படம் ஒன்று பல வருடங்கள் தொங்கியது. அடியில் அப்பாவின் பெயரும், தோற்றம், மறைவு என்று தேதிகளும் முறைப்படி அச்சாகியிருந்தன. மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா பொட்டு வைப்பாள். எல்லாம் சரிதான், படத்தில் இருந்த முகம் மட்டும் அப்பாவுடையது அல்ல. அது சித்தப்பாவின் முகம். சித்தப்பா உயிரோடு இருக்கிறார், மயிலத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் மல்லாட்டைக் கடலை போட்டுக்கொண்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு.

இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். நானும் கூடவே சிரித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு வருவதில்லை.

கதை ஒரு கேமராவில் தொடங்குகிறது. அப்பா அறிவியல் வாத்தியார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்த போட்டோகிராபர் ஒருவரின் கையில் பார்த்துவிட்டு, அதே மாதிரி லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமரா தனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, புதுச்சேரிக்குப் போய் வாங்கி வந்தார். கடையில் இருந்த பெரிய கேமராக்களிலேயே அதுதான் சின்னது. விற்றவர், "ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது சார்" என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னாராம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஆரம்பிக்கிறவனாம்! இருபது வருஷமா லென்ஸ் பாடம் நடத்திக்கினு இருக்கறேன், என்னப் பாத்து சொல்றான்" என்று பஸ்ஸில் வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தார்.

அந்தக் கேமராவை நான் நன்றாக அறிவேன். அதனோடு சேர்ந்து வந்த லென்ஸ் ஒன்றுதான், வேறு வாங்கவே இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதற்குக் கண் தெரியாது. கர்ர், கர்ர் என்று முன்னும் பின்னும் போய்வந்து எதையாவது பிடிக்கப் பார்க்கும், பிடிபடாமல் தவிக்கும். அப்பா அதை, "தேடுது" என்பார். "இருங்கடா, தேடுது. அசையாதீங்க, தேடுது." எங்கள் கூடத்தில் ஒரே ஒரு குழல் விளக்கு. அதனால் எப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் கடிகாரம் வேறு செத்துப்போனது. பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அது, தான் பிறந்த வருடத்து ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிவிடும். தேதியைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அப்பா விட்டுவிட்டார். ஆகவே எங்கள் வீட்டுப் பொங்கல், என் வளைகாப்பு, மயிலம் பங்குனி உத்திரம், மேல்சித்தாமூர் கோயில் தூண்கள் எல்லாமே அந்தக் கேமராவின் கணக்கில் ஒரே நாளில் நடந்தவை.

அப்பா கேமராவை யார் கையிலும் கொடுக்கமாட்டார். "கைய வெக்காத, வேர்வ பட்டா கெட்டுடும்." அப்படியானால் அவர் எப்படிப் படத்தில் வருவது? அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். தையல் மெஷின் மேல் இரண்டு தலையணை, அதன்மேல் கேமரா. எங்களை வரிசையாக நிறுத்துவார். நடுவில் எப்போதும் சித்தப்பா. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கிற ஒரே ஆள் அவர்தான். அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து லென்ஸ் தேடி முடித்ததும் பட்டனை அமுக்கிவிட்டு, அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். கேமராவின் முன்பக்கம் சிவப்பு விளக்கு மின்னும், பீப் பீப் என்று சத்தம் வரும், முடியப்போகும்போது சத்தம் வேகம் பிடிக்கும். அப்பா வந்து ஓரத்தில் சேர்வதற்கும் டக்கென்று படம் விழுவதற்கும் சரியாக இருக்கும். சரியாக இருக்கும் என்று அவர் நினைப்பார்.

படத்தைப் பார்த்தால் சித்தப்பா அச்சில் வார்த்த மாதிரி தெளிவாக நிற்பார், முகத்தில் அந்தச் சாந்தமான சிரிப்போடு. அம்மாவும் நானும் சுமாராக இருப்போம். ஓரத்தில் அப்பா புகை மாதிரி இருப்பார். வெள்ளைச் சட்டையும், அதற்கு மேலே மீசை இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றலும்தான் தெரியும். அதைப் பார்த்து அவர் வருத்தப்பட்டதே இல்லை. "யாருடி அது கண்ண மூடுனது? சொன்னா கேக்கறீங்களா?" என்று எங்களைத்தான் திட்டுவார். திட்டுவதில் அவருக்கு விடுமுறை நாளே கிடையாது. கோபக்காரர் என்று சொன்னால் அது அப்பாவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது.

அவர் ஒரு நாள் காலையில் சட்டென்று போய்விட்டார். குளித்துவிட்டு வந்து ஈசி சேரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போதே விழுப்புரத்தில் இருந்தேன். போன் வந்ததும் கிளம்பினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது, யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் திரும்பியது. கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை வாசனைகூடப் போயிருக்காது, அவ்வளவு புதுசு. அதில் அப்பா. கண்ணாடி, நரைத்த தலை, முகத்தில் ஒரு சாந்தமான சிரிப்பு. என் அப்பா செத்துவிட்டார் என்பதை எனக்குச் சொன்னது அந்த பேனர்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பரவாயில்லை, கஷ்டப்படாமல்தான் போயிருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

வீட்டில் அவரைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடியின் உள்பக்கம் ஆவி படர்ந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு. அழுதுகொண்டே குனிந்தவர்களின் தலைகளுக்கு நடுவே நான் பார்த்தது கொஞ்சம்தான். காரியத்தன்று படத்திறப்பு வைத்தார்கள். பேனரில் இருந்த அதே முகத்தை ஃபிரேம் போட்டுத் திறந்தார்கள். எல்லாரும் பூப்போட்டோம். அந்த முகம் அப்படியே கூடத்துச் சுவருக்கு ஏறியது.

கேமராவை நான் விழுப்புரத்துக்கு எடுத்து வந்தேன். கொஞ்ச காலம் ஆசையாகப் பயன்படுத்தினேன், அப்பா எடுத்த பழைய படங்களைத் திருப்பிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. பிறகு எல்லாருக்கும் போலவே எனக்கும் செல்போன் போதுமானதாகிவிட்டது. சும்மா கிடந்ததில் கேமராவின் கைப்பிடி ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது, தொட்டால் வெல்லம் மாதிரி ஒட்டும். திண்டிவனத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தேன். அம்மா அதற்குப் பவுடர் போட்டு, பழைய துண்டில் சுற்றி வைத்தாள்.

போன வருடம் சித்தப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு என்று சொன்னார்கள். புதுச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். அம்மா கூடத்தில் இலை போட்டாள். சித்தப்பா இலையை மடக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா போனதிலிருந்து இந்த மனிதர் ஒரு நாள்கூடக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அண்ணன் மேல் அவ்வளவு மரியாதை என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை ஓரம் நின்று, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வீட்ல தொங்குதே படம், அது உங்கப்பா இல்ல. நானு."

எனக்குப் புரியவில்லை. ஆபரேஷன் பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு பேனர் அடிக்கப் போனது நாந்தான். கேமரால இருந்த கார்டை எடுத்துக்கினு போனேன். கடையில கூட்டம், யாரோ கட்சிக்காரங்க பேனர் ஓடிக்கினு இருக்குது. கம்ப்யூட்டர்ல போட்டு அவசரமா தள்ளிப் பாத்த வரைக்கும் அண்ணன் படம் ஒண்ணுகூட தேறல. பெருசு பண்ணா மூஞ்சியே இல்லம்மா, வெறும் புகை. 'ஜல்தியா சொல்லுங்க, சாயங்காலமே பாடிய எடுத்துடுவீங்க'ன்னு கடைக்காரரு அவசரப்படுத்துறாரு. எல்லாப் படத்துலயும் நடுவுல நான் நிக்கிறேன், பளிச்சுன்னு. நாந்தான் சொன்னேன், அண்ணன் தம்பி ஒரே சாடை, என் மூஞ்சிய எடுத்துக்க, அண்ணன் கண்ணாடியப் போட்டு, தலைய நரைக்க வச்சிடுன்னு."

"அதுக்குன்னு உங்க மூஞ்சியவா குடுப்பீங்க, சித்தப்பா?"

"அப்ப ஒண்ணும் தோணல. ரோட்ல கட்டுற பேனர்தானே, ரெண்டு நாள்ல காத்துல கிழிஞ்சிடும்னு நெனச்சேன். காரியத்துக்கும் அதையே ஃபிரேம் போட்டுட்டாங்க. சபையில எழுந்து என்னான்னு சொல்றது? உங்கம்மா பொட்டு வெக்கறப்பல்லாம் என் நெத்தி ஜில்லுங்குது பாப்பா. அங்க நான் மால போட்டுக்கினு தொங்கறேன், இங்க உக்காந்து சோறு திங்கறேன். எறங்குமா?"

உயிரோடு இருக்கிறவர் செத்துவிட்டதாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். நானும் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில எனக்கு ஒண்ணு ஆயிட்டா, எந்த மூஞ்சிய மாட்டுவீங்க? என் மூஞ்சிதான் ஏற்கெனவே அங்க தொங்குதே. நான் போறதுன்னா எனக்குன்னு ஒரு மூஞ்சியோட போவணும். கத்தி வெக்கறதுக்கு முன்னால என்ன அங்கேருந்து எறக்கிடு பாப்பா."

டீயை அப்படியே பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. சித்தப்பா மேல், கடைக்காரர் மேல், அவசரம் பிடித்த ஊரின் மேல், படமே சரியாக எடுத்துக்கொள்ளத் தெரியாத அப்பாவின் மேல். செருப்பைக் கழற்றாமல் கூடத்து வாசலில் நின்று படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. காதுமடல், முகவாயில் இருக்கும் குழி, அந்தச் சிரிப்பு எல்லாமே சித்தப்பா. இத்தனை வருடம் இது எப்படித் தெரியாமல் போனது? சரி, அப்பா எப்படி இருப்பார் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். சித்தப்பாதான் வந்தார், அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. மறுபடி முயன்றேன், மறுபடி அவரேதான். என் அப்பாவின் முகம் என்னிடம் இல்லை. அது எப்போது போனது என்றும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயம், அவர் செத்த அன்றுகூட வரவில்லை.

படத்தைச் சும்மா இறக்கிவிட முடியாது. கூடத்தில் வெறும் ஆணியை வைத்துக்கொண்டு அம்மா எப்படி இருப்பாள்? அப்பாவுடைய படமாகவே ஒன்று வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்று இருந்தது. மீசை முளைத்தும் முளைக்காத ஒரு பையன், எனக்கு அவனைத் தெரியாது. கல்யாண ஆல்பங்கள் ஒரு மழையில் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தன. மற்றபடி கேமரா வந்த பிறகு அப்பா எந்த ஸ்டூடியோவுக்கும் போனதில்லை. ஆகவே கேமராவில்தான் தேட வேண்டும். ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. லீவு போட்டுவிட்டுத் திண்டிவனத்திலேயே தங்கினேன். அம்மாவிடம், "பழைய படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

துண்டைப் பிரித்தால் பவுடர் வாசனை. பேட்டரி மூடி உடைந்ததற்கு அப்பா போட்டிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போயிருந்தது. சார்ஜ் ஏற்றிப் போட்டதும் உயிர் வந்தது. வந்ததும் முதல் வேலையாகத் தேதி கேட்டது. கேட்கட்டும் என்று தாண்டிப்போனேன். சித்தப்பா திருப்பிக் கொடுத்த கார்டு உள்ளேயே இருந்தது.

பின்பக்கத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அப்பா இருந்தார். ஏகப்பட்ட படங்களில் இருந்தார், ஆனால் எல்லாவற்றிலும் ஓடி வந்துகொண்டிருந்தார். ஒன்றில் ஒரு தோள், ஒன்றில் முதுகு, ஒன்றில் சட்டத்துக்குள் நுழைந்த வலது கை மட்டும். பெரிதாக்கும் பட்டனை அமுக்க அமுக்க முகம் கரைந்து கட்டம் கட்டமாகப் போனது. எங்கள் எல்லாருடைய வயதும் படத்துக்குப் படம் ஏறிக்கொண்டே போனது. அம்மா குண்டானாள், நான் மெலிந்து பிறகு குண்டானேன், சித்தப்பாவுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்தது. அப்பா மட்டும் அந்த ஒரே ஜனவரி முதல் தேதியில் எங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், வந்து சேரவே இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் என்னால் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். பட்டப்பகல்தான், தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டிருந்தாள், இருந்தும் பயமாக இருந்தது.

ஒரு முறை கைதவறி எதையோ அமுக்கிவிட்டேன். முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. பீப், பீப், பீப். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அசையாம நில்லுடி, உங்கப்பா வர்றாரு."

சத்தம் வேகம் பிடித்து டக்கென்று நின்றது. தாளிக்கிற சத்தமும் நின்றுபோனது. அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் காலியான ஓரத்தைத்தான் இருவரும் பார்த்தோம். பிறகு, "கருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் தேடியது மறுநாள் கிடைத்தது. மயிலம் மலையில் எடுத்த படங்கள். படிக்கட்டு, கோபுரம், வாலை நீட்டிக்கொண்டு ஒரு குரங்கு. அடுத்தது வெறும் தரை. அதற்கடுத்து செருப்புக் கால்கள். அதற்கும் அடுத்ததில் பாதியை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது. அதன் பிறகு, சட்டம் முழுக்க, பக்கவாட்டில் படுத்தபடி அப்பா.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல வெயில், ஒரு மயிர்க்கால் தவறாத தெளிவு. புருவம் முடிச்சுப் போட்டு, மூக்கு விடைத்து, வாய் அகலத் திறந்து, கீழ்ப்பல் வரிசை தெரிய, ஒரு கையைக் கேமராவை நோக்கி நீட்டியபடி கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. அவர் சொல்வது எனக்குக் கேட்டேவிட்டது. "அமுக்காத! அமுக்காதன்றேன்!"

அதுதான் என் அப்பா. ஓவென்று அழுதுவிட்டேன். காணாமல் போனவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்தால் முதலில் அவரிடம் திட்டுதானே வாங்குவோம், அப்படி இருந்தது.

அம்மா ஓடி வந்தாள். திரையைக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, எட்ட வைத்துப் பார்த்தாள்.

"இது நான் எடுத்தது. வேட்டி அவுந்துடுச்சின்னு கட்டறதுக்கு என் கைல குடுத்தாரு. எங்கியோ அமுக்கிட்டேன், அது பாட்டுக்கு டக்கு டக்குன்னு எடுக்குது. மலையே திரும்பிப் பாக்கற மாதிரி திட்டினாரு. அப்புறம் நான் அதத் தொட்டதே இல்ல."

எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, சித்தப்பா டீக்கடையில் சொன்னதைச் சொன்னேன். அம்மா கேமராவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"இவரோட இத்தினி வருஷம் குடும்பம் நடத்தியிருக்கறேன், மூஞ்சி தெரியாதா? படத்தத் தொறந்த அன்னிக்கே தெரியும். கூட்டத்துல என்னான்னு சொல்றது? தம்பி அண்ணனுக்காகப் பண்ணது. அசிங்கமாப் போயிடும்னு இருந்துட்டேன்."

"அப்ப இத்தனை வருஷமா யாருக்குப் பொட்டு வச்ச?"

"உங்கப்பாவுக்குத்தான். கண்ணாடி அவருதுதானே" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாகிட்ட நான் ரெண்டு வார்த்த சேந்தாப்ல பேசனது கெடையாதுடி. ஒண்ணு சொல்றதுக்குள்ள நாலு திட்டு வந்துடும். சொவத்துல இருக்கறவரு சிரிச்ச மொகம். எதச் சொன்னாலும் கேட்டுக்கினு இருந்தாரு. உங்கப்பா இப்பிடி ஆயிட்டாருன்னு நெனச்சிக்கினேன். பழகிடுச்சி."

தனியாக இருக்கிறாளே என்று நான் போனில் விசாரிக்கும்போதெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்" என்பாள். அது பொய் இல்லை என்று இப்போது தெரிந்தது. அவளுக்கு ஒரு நல்ல புருஷன் வாய்த்திருந்தார், சுவரில்.

"சித்தப்பா பயப்படறாரும்மா. எறக்கிடலாம்."

"எறக்கிடு. உயிரோட இருக்கறவரு, பாவம். அவருக்கு ஒண்ணு ஆயிட்டா என் தலையிலதான் வுழும்."

விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அங்கிருந்தவர் படத்தை நிமிர்த்திவைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், வாயை மட்டும் மூடிடலாமா? ஏதாவது வேற சிரிச்ச வாய் இருந்தா வச்சிடலாம்" என்றார் அக்கறையாக. நான் அவர்மேல் பாய்ந்துவிட்டேன். "ஒண்ணையும் தொடாதீங்க. பல்லக்கூட வெள்ளையாக்காதீங்க." பாவம், மிரண்டுபோய் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார். கேமராவிலிருந்து அந்தப் படத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்தபோதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். படத்தின் மூலையில் ஒரு சின்னச் சாவி அடையாளம் இருந்தது. தான் புகையாக விழுவதைப் பொருட்படுத்தாத அப்பா, மற்றபடி நன்றாக வராத படங்களை அன்றன்றே அழித்துவிடுவார், தரை, கட்டைவிரல் என்று எதையும் விட்டுவைக்கிறவர் இல்லை. அழிந்துபோகக் கூடாது என்று நினைக்கிற படத்துக்கு மட்டும் அந்தச் சாவியைப் போடலாம். போட்டுவிட்டால் தவறி அமுக்கினாலும் அழியாது. கார்டு முழுவதையும் மறுபடி பார்த்தேன். சாவி போட்டிருந்தவை அந்த நான்கு படங்கள் மட்டும்தான். தரை, செருப்பு, கட்டைவிரல், திட்டுகிற அப்பா. அம்மா எடுத்த நான்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் படம் மாறிவிட்டது. சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன். "எறக்கிட்டியா? எறக்கிட்டியா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, போனை வைக்காமலேயே யாரிடமோ, "எறக்கிட்டாங்களாம்" என்றார். குரலே மாறியிருந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தேறி நடமாட ஆரம்பித்ததும் திண்டிவனத்துக்குத்தான் முதலில் வந்தார்.

கூடத்தில் இலை போட்டாள் அம்மா. சித்தப்பா மேலே பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருந்தார், கழுத்தில் மாலையோடு. சித்தப்பாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "அண்ணனேதான். என்னையே வையறாப்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்துக்குக் கீழேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ரசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது கேட்டார்.

"அண்ணி, அந்தப் பழைய படத்த என்னா பண்ணீங்க?"

"பத்திரமா இருக்குது தம்பி" என்றாள் அம்மா.

உயிரோடு இருக்கிறவரின் படத்தை எரிக்கவும் முடியாது, ஆற்றில் விடவும் முடியாது. அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் சித்தி வாசல்படி ஏற்றமாட்டாள். வேறு என்ன செய்வது? அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் முகம் தன்னிடம் வந்துவிட்ட நிம்மதியில், சாயங்காலம் கையை வீசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். அம்மா புதுப் படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு ஊதுபத்தியோடு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. படத்தை மாட்டியதிலிருந்து அவள் அதனிடம் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை. திட்டு வாங்கியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டே நிற்பாள், நகர்ந்துவிடுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சாவி விஷயத்தைச் சொன்னேன். நீ எடுத்ததை மட்டும்தான் பூட்டி வைத்திருந்தார் அம்மா, தரையைக்கூட, கட்டைவிரலைக்கூட.

அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"பூட்டி வெக்கத் தெரிஞ்சிதே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னா?"

என்னிடம் கேட்கவில்லை, அவரிடம்தான் கேட்டாள். அவர் தன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா ஊதுபத்தியைச் சொருகிவிட்டு அறைக்குள் போனாள். பீரோவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. துணி எடுக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் குரல் வந்தது, தணிந்து, சாவகாசமாக. நான் ஒருநாளும் கேட்டறியாத ஒரு செல்லம் அந்தக் குரலில் இருந்தது.

"கேட்டீங்களா கதைய? பூட்டி வச்சிருந்தாராம், பூட்டி. இத்தினி வருஷமா எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்குத்தான் பாப்பா சொல்லுது..."

கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். அடுக்கிவைத்த புடவைகளுக்கு நடுவே, மாலை இல்லாமல், அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சித்தப்பா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் புதுப் பொட்டு. ஈரம்கூடக் காயவில்லை.

அதே நேரத்தில் அவர் மயிலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். நெற்றி ஜில்லென்று இருந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை.